சந்தனத்துக்குள் எரிந்த விளக்கு

அவர் காலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். முகம்கூட எனக்கு இப்போது கொஞ்சம் மங்கிவிட்டது. கால் மங்கவில்லை. அகலமான பாதம், கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சண்டை போட்ட மாதிரி தனியாக விலகி நிற்கும். வண்டிக் கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒட்டினாற்போல சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடுதான் பெடலை மிதிப்பார். கோயிலுக்குள்ளே போகிறாரா காருக்குள்ளே போகிறாரா என்று ஷெட்டில் நாங்கள் கிண்டல் பண்ணுவோம்.

"கோயிலாவது கொளமாவது! செருப்புப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுறதும், காதுல பஞ்ச வச்சுக்கிட்டு பொண்டாட்டிகிட்ட பேசுறதும் ஒண்ணுதான். ஒரு எழவும் வெளங்காது" என்பார்.

அரியலூரில் ஒரு லாரி ஷெட்டில் நான் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். தொண்ணூற்றைந்தோ ஆறோ, அப்போது சேர்ந்தவன். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள். முதலாளி போய்ச் சேர்ந்த பிறகு முதலாளியம்மாதான் தொழிலைப் பார்த்துக்கொண்டார். ஷெட்டை ஒட்டியே வீடு. அந்த வீட்டுக் காருக்கு டிரைவர் இவர். நான் வந்தபோதே அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "டேய் கரண்டு" என்பார். கோபம் வந்தால் "டேய் பீஸ் போனவனே" என்பார். நான் அவரை அண்ணே என்பேன். எனக்குக் கோபம் வந்தாலும் அண்ணேதான், வேறு என்ன சொல்வது?

தன் காலை நம்பின அளவுக்கு அவர் வேறு எதையும் நம்பினதில்லை. மீட்டரை நம்ப மாட்டார், மெக்கானிக்கை நம்ப மாட்டார், என்னைச் சுத்தமாக நம்ப மாட்டார். ஒரு தடவை வாலிகண்டபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பழைய அம்பாசடரில் திரும்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஓரம் கட்டினார். பின்னால் இடது சக்கரத்தில் பேரிங் அழுகிறது, பாதத்தில் தெரிகிறது என்றார். கல்யாணத்துக்குப் போட்டிருந்த வெள்ளை வேட்டியோடு என்னைக் கீழே படுக்க வைத்து சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். பேரிங் பளிச்சென்று இருந்தது. கடைசியில் பார்த்தால், டிக்கியில் ஜாக்கி கட்டவிழ்ந்து உருண்டுகொண்டிருந்தது! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வேட்டியெல்லாம் கிரீஸ்.

"பேரிங்கு அழுவுதுன்னீங்களே?"

"ஏதோ ஒண்ணு சரியில்லன்னு காலு சொல்லுச்சா இல்லையா? பேரிங்கா ஜாக்கியான்னு பேரெல்லாம் அதுக்குத் தெரியுமாடா?"

இந்த ஆளிடம் என்னத்தைப் பேசுவது!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ரோடு சாதாரண ரோடு இல்லை. கல் லாரிகள் சிந்திக்கொண்டு போகிற தூள் அப்படியே தாரின் மேல் படிந்து கிடக்கும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், பயமில்லை. லேசான தூறல்தான் ஆபத்து. தூளும் தண்ணீரும் சேர்ந்து ரோடு முழுக்கத் தோசை மாவை ஊற்றி விட்ட மாதிரி ஆகிவிடும். கண்ணாடியில் முதல் துளி விழும்போதே அவர் கால் தானாக இளகும். நாங்கள் பேசிக்கொண்டே வருவோம், வண்டி எப்போது மெதுவானது என்றே தெரியாது.

அதுவும் பாப்பா பின்னால் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பாப்பா முதலாளியம்மாவின் ஒரே மகள். எல்.கே.ஜி.யிலிருந்து அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தவர் இவர்தான். டிரைவர் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவள் பின் சீட்டில் தூங்கிவிட்டால், வேகத்தடையில் வண்டி ஏறி இறங்குவது நிரம்பின பால் குடத்தை இறக்கி வைக்கிற மாதிரி இருக்கும். கல்யாணமாகிப் பல வருஷம் பாப்பாவுக்குக் குழந்தை தங்கவில்லை. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. சனிக்கிழமை தோறும் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்கு அவளை இவர்தான் கூட்டிப் போவார். அவள் உள்ளே சாமி கும்பிடுவாள். இவர் வெளியே காரைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அம்பாசடர் போய் ஒரு பெரிய கார் வந்தது. மாப்பிள்ளை ஏற்பாடு செய்து அனுப்பினது. கதவைச் சாத்தினால் சத்தமே வராது. அதில் என்னென்னவோ சென்சார். அதைப் புரிந்துகொள்ள என்னை இரண்டு நாள் திருச்சிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் போய்விட்டு வந்த அந்த வாரமே, கல்லங்குறிச்சி ரோட்டிலிருந்து நேராக ஷெட்டுக்குள் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கினதும் இறங்காததுமாகக் கத்தினார்.

"எவன்டா என் பிரேக்க மிதிச்சது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "காருக்குள்ள நீங்கதானேண்ணே இருந்தீங்க?"

"தூத்தல் போட்டுச்சு. வளைவுல திரும்புறேன். நான் பிரேக்குல காலே வைக்கல. அடியில க்ர்ருங்குது. வண்டிய யாரோ புடிச்சு இழுக்குறான். மீட்டர்ல ஒரு மஞ்ச வெளக்கு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. பேயாடா இது?"

டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னேன். "பேயில்லண்ணே. வண்டி சறுக்காம இருக்கறதுக்கு ஒரு ஏற்பாடு. ஸ்டியரிங்குக்கு அடியில ஒரு சென்சார் இருக்கு. நீங்க எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புறீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கும். அதாவது, நீங்க எங்க போவணும்னு நெனைக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியும்."

"சரி."

"நாலு சக்கரத்துலயும் பல்லு வச்ச ஒரு வளையம். அதப் பாத்தாப்புல விரல் தண்டிக்கு ஒரு சென்சார். பல்லு கடக்கக் கடக்க எண்ணிக்கிட்டே இருக்கும். எந்தச் சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு தெரிஞ்சிரும். இன்னொண்ணு, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஒரு சின்னப் பெட்டி. அதுதான் முக்கியம். கண்ணக் கட்டி ராட்டினத்துல உக்கார வச்சாலும் எந்தப் பக்கம் சுத்துதுன்னு நம்ம வயித்துக்குத் தெரியுதுல்ல? அந்த மாதிரி, வண்டியோட ஒடம்பு நெசமா எவ்வளவு திரும்புது, பக்கவாட்டுல எவ்வளவு தள்ளுதுன்னு அதுக்குத் தெரியும்."

"தெரிஞ்சு?"

"எல்லாத்தையும் ஒரு கம்ப்யூட்டரு ஒத்துப் பாக்கும். நீங்க திருப்புன அளவுக்கு வண்டி திரும்பலன்னா, மூக்கு நேரா ஓடுதுன்னு அர்த்தம். உள்பக்கம் பின்சக்கரத்த மட்டும் புடிக்கும். வண்டி வளைஞ்சு வந்துரும். திருப்புனதுக்கு மேல திரும்பிருச்சுன்னா, பின்பக்கம் வெளிய வீசுதுன்னு அர்த்தம். அப்ப வெளிப்பக்கம் முன்சக்கரத்தப் புடிக்கும். இஞ்சின் இழுவையையும் கொறைச்சிரும். இதெல்லாம் கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள. அந்த நேரம் அந்த மஞ்ச வெளக்கு மினுக்கும்."

டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். "அப்ப, நான் நெனைக்கிறது ஒண்ணு, வண்டி போறது ஒண்ணுன்னா எரியும்."

"அவ்வளவுதாண்ணே."

"அப்ப எனக்கு எரியாது. இது ஏதோ கோளாறு. அணைச்சு வைக்க சுவிட்சு இருக்கா?"

இருந்தது. கியருக்குப் பக்கத்திலேயே, அவர் இடது கை படுகிற இடத்தில். காட்டினேன். "ஆனா அமுக்காதீங்கண்ணே. பாப்பா வர்ற வண்டி" என்றேன். டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு விளக்கு எரிவது வாடிக்கையாகிவிட்டது. வாரத்தில் ஒரு நாளாவது வந்து நிற்பார். "டேய் கரண்டு, ஒன் சென்சாரு பொய் சொல்லுது, பாரு." நானும் விடவில்லை. சக்கரத்தைக் கழற்றினால் பல் வளையத்தில் கல்தூள் ஈரத்தோடு சேர்ந்து சிமெண்டாக இறுகிக் கிடந்தது. ஆகா, மாட்டிக்கிட்டான் திருடன் என்று பிரஷ்ஷால் நான்கையும் தேய்த்துச் சுத்தம் பண்ணினேன். மறுவாரமும் எரிந்தது. சென்சார் கெட்டிருந்தால் விளக்கு அணையாமல் நின்று எரியுமே, வளைவில் மட்டும் ஏன் மினுக்குகிறது என்று எனக்குள் ஒரு உறுத்தல். திருச்சிக்குக் கொண்டுபோய் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவர் உறவுக்காரர் வீட்டுக் காரியத்துக்குப் போன ஒரு வாரம் நானே அந்தக் காரை ஓட்டினேன். அதே ரோடு, அதே தூறல். விளக்கு எரியவே இல்லை.

அவர் திரும்பி வந்ததும் சாவியைக் கொடுத்து, "வண்டி நல்லாத்தாண்ணே இருக்கு" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சித்திரை மாசம். மண்டையைப் பிளக்கிற வெயில். ஷெட்டு வாசலில் தரை கொதிக்கும், நாங்கள் வெறுங்காலோடு நிற்க மாட்டோம். கேட்டுப் பக்கமிருந்து அவர் பேசிக்கொண்டே வந்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. அது கேட்டு ஓரத்திலேயே கழன்று கிடந்தது. அவ்வளவு தூரம் கொதிக்கிற தரையில் ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை! என் பார்வை போன இடத்தைப் பார்த்துத்தான் தானும் குனிந்து பார்த்தார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். "சக்கரை யாருக்குத்தான் இல்ல?" என்று ஜாங்கிரியைக் கடிப்பார். அது காலுக்கு இறங்கி, தொடு உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. ஆக்சிலேட்டரில் எவ்வளவு மிதிக்கிறோம், எப்போது எடுத்தோம் என்று அந்தக் காலுக்கே தெரியாமல் போயிருக்கிறது. வளைவில் வேகம் கூடிவிடும், பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடிப்பார், சென்சார்கள் கண்டுபிடித்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாதது, எனக்குத் தெரியாதது, அந்த மஞ்சள் விளக்குக்கு முதலில் தெரிந்திருக்கிறது. சொல்லப் போனால் அவருக்கும்தான் தெரிந்திருக்கிறது.

அந்த ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மீட்டர் கண்ணாடியில் நடுவில் ஒரு பொட்டு வைப்பது வழக்கம். அவர் காரில் மட்டும் பொட்டு வலது பக்க மூலையில் இருந்தது. ரூபாய் நாணயம் அளவுக்குக் கெட்டியாக அப்பியிருந்தது. அதற்குப் பின்னால் எந்த விளக்கு என்று எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பழசைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் புதுச் சந்தனம் வைப்பார். முதலாளியம்மா அதைப் பார்த்து, டிரைவருக்கு வரவர பக்தி கூடிப்போச்சு என்றார்.

இதில் என் நெஞ்சை அறுத்தது என்ன தெரியுமா? பின் சீட்டில் இருப்பவர்களுக்கு அந்த விளக்கு எரிந்தாலும் தெரியாது. ஓட்டுகிறவன் கண்ணுக்கு மட்டும் படுகிற இடம் அது. அவர் அதை யாரிடமிருந்தும் மறைக்கவில்லை. தன்னிடமிருந்துதான் மறைத்துக்கொண்டார்.

அப்போது பாப்பா ஆறு மாசம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தங்கின கரு. பெரம்பலூரில் டாக்டரம்மா. மாசம் ஒரு தடவை இவர்தான் கூட்டிப் போக வேண்டும். என்னால் பொறுக்க முடியவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, கால ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்லன்னா அம்மாகிட்ட நான் சொல்லிருவேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்பாவுக்கு நல்லபடியா பொறந்து, புள்ளையோட வூட்டுல கொண்டாந்து எறக்கிட்டேன்னா போதும்டா. அன்னைக்கே சாவிய ஆணியில மாட்டிட்டுப் போயிர்றேன். அது வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருடா, தம்பி."

தம்பி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சரிண்ணே. ஆனா பாப்பா ஏறுற அன்னைக்கெல்லாம் நானும் முன்னால உக்காந்து வருவேன். சம்மதம்னா பேசாம இருக்கேன்" என்றேன். சம்மதித்தார்.

அடுத்த மாசமே அது நடந்தது. டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெரம்பலூரிலிருந்து சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தோம். பாப்பா பின் சீட்டில் கண்ணயர்ந்துவிட்டாள். பாதி வழி தாண்டி ஒரு வளைவு. எங்களுக்கு முன்னால் போன கல் லாரிகள் ரோட்டை வெள்ளையடித்துவிட்டுப் போயிருந்தன. கண்ணாடியில் துளி விழுந்தது. பழைய பழக்கம், அவர் உடம்பு இளகினது எனக்குத் தெரிந்தது. தோள் தளர்ந்தது, கை தளர்ந்தது. வண்டி மட்டும் மெதுவாகவில்லை.

"அண்ணே!"

ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி திரும்பவில்லை. மூக்கு நேராக, வளைவோரத்துப் புளியமரத்தைப் பார்த்து ஓடியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடியில் க்ர்ர் என்று அந்தச் சத்தம் கேட்டது. வண்டியின் ஒரு பக்கத்தை யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. முன்பக்கம் மெல்ல, மனசில்லாமல், ரோட்டுப் பக்கம் வளைந்தது. மரம் என் கண்ணாடியை உரசினாற்போலக் கடந்து போனது. அந்த நேரத்தில் அவர் பக்கம் எட்டி மீட்டரைப் பார்த்தேன். காய்ந்த சந்தனத்தின் வெடிப்பு வழியாக மஞ்சள் வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது.

ஓரத்தில் நிறுத்தினார். பாப்பா விழித்துக்கொண்டு, வயிற்றில் கையை வைத்தபடி, "என்ன மாமா? நாய் குறுக்க வந்துருச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவள் நம்பியிருப்பாள், நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"நாயெல்லாம் இல்ல, பாப்பா. மாமாதான்" என்றார்.

பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். பார்த்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. "எடுத்துட்டேன்னுதான்டா நெனச்சேன்" என்றார் என்னிடம், மெதுவாக. தோளில் கிடந்த துண்டை எடுத்து, கண்ணாடியை இறக்கி மழையில் நனைத்து, மீட்டரில் இருந்த சந்தனத்தை அழுத்தித் துடைத்தார். கொஞ்சம்கூட மிச்சம் வைக்கவில்லை.

"நீ இந்தப் பக்கம் வாடா."

அவர் இறங்கி, செருப்பைத் தேடி எடுத்து, கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலை நுழைத்துக்கொண்டு சுற்றி வந்தார். நான் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் அந்த சுவிட்சைத்தான் பார்த்தேன். கை படுகிற இடத்தில்தான் இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கியிருந்தால் அவருடைய பிரேக்கை வேறு யாரும் மிதித்திருக்க மாட்டார்கள், அந்தச் சத்தமும் இல்லை, அவமானமும் இல்லை. விளக்கை மறைத்தாரே தவிர, அவர் அந்த சுவிட்சைத் தொடவே இல்லை. அவ்வளவு வீம்பு பிடித்த மனுஷன்! ஒரு நாள்கூடத் தொடவில்லை.

பாப்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது காரை நான் ஓட்டினேன், அவர் குழந்தையின் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு அவருக்கு வலது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. மாலையோடு போய் நின்றபோதும் எனக்கு முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. காலைத்தான் பார்த்தேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்தச் சாயங்காலம்தான். தூறல் நிற்கவே இல்லை. வெள்ளைச் சேறு, வளைவுக்கு மேல் வளைவு. அவர் சீட்டை விட்டு என் பக்கம் சாய்ந்து, துடைத்த அந்த மூலையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் அவருடைய வலது கால், பெடல் இல்லாத இடத்தில், வெறும் கால்மிதியின் மேல் லேசாக அழுத்தி எடுத்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்கும் எரிந்து தொலைக்கக்கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பலாமா என்றுகூடத் தோன்றியது. பின்னால் பாப்பா இருந்தாள். நான் பார்த்துத்தான் ஓட்டினேன்.

அரியலூர் வந்து வீட்டு வாசலில் நிறுத்தும் வரை விளக்கு எரியவில்லை. பாப்பா இறங்கி உள்ளே போகிற வரைக்கும் அவர் அசையாமல் இருந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டி நல்லாத்தான்டா இருக்கு, கரண்டு" என்றார்.